கம்ப்யூட்டர் வாக்கு வேதவாக்கா?

மனிதனுடைய மண்டையைத் திறக்காமலே, அதற்குள் ஓடும் இரத்தக் குழாய்களைப் படம் பிடித்து, அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எந்தக் குழாயில் எந்த இடத்தில் இரத்தம் என்ன வேகத்தில் ஓடுகிறது, எங்கே சுழலுகிறது, எங்கே தேங்குகிறது, குழாயின் சுவரை எவ்வளவு பலத்துடன் உரசுகிறது என்பவைகளையெல்லாம் கணக்குப் போட்டு, சிவப்பும் நீலமுமாக வர்ணம் தீட்டிக் காட்டக்கூடிய காலத்தில் நாம் இருக்கிறோம். சுமார் இருபது, இருபத்தைந்து வருஷ காலமாக ஆராய்ச்சிக் கூடங்களில் வளர்ந்துவரும் இந்த வித்தையைப் பற்றி நம் வாசகர்கள் தெரிந்துகொள்ளவேண்டியது அவசியம் என்று கருதியே இதை எழுதுகிறோம்.

இம்மாதிரி விஷயங்கள் வரும்போது நம் ஜனங்கள் இரண்டு விதமாய்ப் பேசுவதைக் கேட்கிறோம். ஒரு சாரார், "தலையில் எழுதினபடிதான் நடக்கும், குழாய் வெடிக்கவேண்டுமென்று விதித்திருந்தால் வெடித்தே தீரும், கம்ப்யூட்டர் என்ன செய்யும்?" என்கிறார்கள். மற்றொரு சாரார், சட்டையும் பூட்சும் போட்டவர்கள், "கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது, இனி அதற்கு மேல் என்ன பேச்சு?" என்று கைகட்டி நிற்கிறார்கள். முன்னவர் பாமரர், பின்னவர் படித்தவர் என்று உலகம் சொல்லும். நமக்கோ இருவரும் ஒரே இனம் என்றே தோன்றுகிறது. இருவருமே கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டவர்கள். ஒருவருக்கு மண்டை ஓட்டின்மேல் உள்ள கோடு வேதவாக்கு. மற்றவருக்குக் கம்ப்யூட்டர் திரையின்மேல் உள்ள வர்ணம் வேதவாக்கு. இதுதான் வித்தியாசம்.

ஆகவே இந்தக் கணக்கு என்பது என்ன, அதை எவ்வளவு தூரம் நம்பலாம், எந்த இடத்தில் நம்பக்கூடாது என்பதைச் சற்று விவரமாய்ப் பார்ப்போம்.

வியாதி இன்னது

மூளை நம் உடல் எடையில் நூற்றில் 2 பங்குதான் இருக்கும். ஆனால் இருதயம் தள்ளும் இரத்தத்தில் நூற்றில் சுமார் 15 பங்கை, அதாவது நிமிஷத்துக்குச் சுமார் 750 மில்லிலிட்டரை அது வாங்கிக்கொள்ளுகிறது. கழுத்தின் முன்பக்கம் இரண்டும் பின்பக்கம் இரண்டுமாக நான்கு குழாய்களின் வழியே இந்த இரத்தம் மேலே சென்று, மூளையின் அடியில் ஒரு வளையமாகக் கூடி, அங்கிருந்து கிளை கிளையாய்ப் பிரிகின்றது. இங்கிலாந்து தேசத்து வைத்தியர் தாமஸ் வில்லிஸ் என்பவர் 1664ல் இதை விவரித்துப் புஸ்தகம் எழுதியபடியால் அதற்கு வில்லிஸ் வளையம் என்று பெயர்.

இந்த வளையத்திலும், கிளை பிரியும் கவைகளிலும் சிலருக்குக் குழாயின் சுவர் பலவீனப்பட்டு, பழைய சைக்கிள் டியூப் ஓரிடத்தில் மட்டும் உப்பிக்கொள்ளுவதுபோல் உப்பிக்கொள்ளும். இதையே புடைப்பு என்று இங்கே சொல்லுகிறோம். வயது வந்தவர்கள் நூறு பேரில் சுமார் 3 பேருக்கு இப்படி இருக்கலாம் என்று பல நாட்டு ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்லுகிறார்கள். பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. தெரியாமலே வாழ்ந்து, வேறு காரணத்தால் சாவார்கள். ஆனால் அது வெடித்துவிட்டால், மூளையைச் சுற்றி இரத்தம் கொட்டி, ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறந்துபோகிறார்கள். பிழைத்தவர்களிலும் பலர் பழைய வேலைக்குத் திரும்புவதில்லை.

வெடிக்குமுன் அடைத்துவிட்டாலென்ன என்று கேட்கலாம். அடைக்கலாம்தான். 1937ல் அமெரிக்காவில் வால்டர் டாண்டி என்பவர் மண்டையைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் உலோகக் கவ்வியை மாட்டி அதை அடைத்துக் காட்டினார். 1990 முதல், தொடையிலுள்ள இரத்தக் குழாயின் வழியே மெல்லிய கம்பியைச் செலுத்திப் புடைப்புக்குள் சுருளாய்ச் சுற்றி நிரப்பும் முறை வந்தது. பிறகு, புடைப்பின் வாய்க்கு நேராகக் குழாய்க்குள்ளேயே கம்பிவலைக் குழல் ஒன்றை விரித்து, இரத்தத்தை வேறு பக்கம் திருப்பிவிடும் முறையும் வந்தது. 2011ல் அமெரிக்க சர்க்கார் அதற்கு அனுமதி கொடுத்தார்கள்.

ஆனால் இச் சிகிச்சைகள் ஆபத்தில்லாதவையல்ல. 2019ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பு ஆராய்ச்சியின்படி, வெடிக்காத புடைப்புக்குக் குழாய் வழியாகச் சிகிச்சை செய்யப்பட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 5 பேருக்கும், மண்டையைத் திறந்து செய்யப்பட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 8 பேருக்கும் கெடுதல் நேர்ந்திருக்கிறது. மற்றொரு பக்கம், ஜப்பானில் 5,720 நோயாளிகளின் 6,697 புடைப்புகளைத் தொடர்ந்து கவனித்து 2012ல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு வருஷத்தில் வெடிப்பது நூற்றுக்கு ஒன்றுக்கும் சற்றுக் குறைவு.

இப்பொழுது சங்கடம் விளங்கியிருக்கும். நாற்பது வயதுள்ள ஒரு தாய், தலைவலிக்கென்று ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் 5 மில்லிமீட்டர் புடைப்பு ஒன்று இருப்பதாகத் தெரியவந்தால், அந்த அம்மாளுக்குச் சிகிச்சை செய்வதா, விட்டுவைப்பதா? வெடிக்கப்போகும் புடைப்பு எது, வெடிக்காத புடைப்பு எது என்று முன்கூட்டித் தெரிந்தால் எவ்வளவு உயிரும், பணமும், மனக்கவலையும் மிச்சமாகும்! இதைத் தெரிந்துகொள்ளும் ஆசையிலிருந்துதான் நாம் சொல்லவந்த கம்ப்யூட்டர் கணக்கு பிறந்தது.

கணக்குப் போடும் விதம்

முதலில் படம் வேண்டும். இந்தப் படம் யாருக்கும் கனவில் வந்து கிடைத்ததல்ல. 1927ல் லிஸ்பன் நகரத்து எகாஸ் மோனிஸ் என்பவர் இரத்தக் குழாயில் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரேயில் மூளைக் குழாய்களைத் தெரியச் செய்தார். 1971ல் லண்டனில், கிராமபோன் ரிக்கார்டு விற்றுவந்த கம்பெனி ஒன்றில் எஞ்சினீயராக இருந்த, சர்வகலாசாலைப் பட்டம் பெறாத காட்பிரே ஹவுன்ஸ்பீல்டு என்பவருடைய யந்திரம் உயிருள்ள மனிதனின் மூளையைத் துண்டு துண்டாய்ப் படம் எடுத்துக் காட்டியது. அதுதான் சி.டி. ஸ்கேன். அதற்கப்பால் எம்.ஆர்.ஐ. வந்தது, தலையைச் சுற்றிச் சுழன்று குழாய்களை நாலா பக்கமும் எடுக்கும் எக்ஸ்ரேயும் வந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அதே மோனிஸ், மனநோய்க்கென்று மூளையின் முன்பகுதி நரம்புகளை வெட்டும் சிகிச்சை ஒன்றையும் கண்டுபிடித்து, அதற்காக 1949ல் நோபல் பரிசும் பெற்றார். அந்தச் சிகிச்சை பலரை நடைப்பிணமாக்கியது கண்டு உலகம் பின்னால் அதைக் கைவிட்டது. அவருடைய படம் பிடிக்கும் முறை நிலைத்தது. வெட்டும் முறை ஒழிந்தது. ஒரே மனிதர், ஒரே மூளை. நிலைத்ததும் ஒழிந்ததும் ஆளைப் பார்த்தல்ல, பரிசைப் பார்த்துமல்ல. பரீட்சையில் தேறியது நிலைத்தது, தேறாதது ஒழிந்தது.

நிற்க. படத்திலிருந்து குழாயின் உருவத்தை மட்டும் பிரித்தெடுத்து, கம்ப்யூட்டருக்குள் அதைப்போலவே ஒரு வெற்றுக் குழாயை உண்டாக்குகிறார்கள். அந்தக் குழாயின் உட்புறத்தை லட்சக்கணக்கான, சில சமயம் கோடிக்கு மேற்பட்ட, சின்னஞ்சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு முனையில் இவ்வளவு இரத்தம் நுழைகிறது, மறுமுனைகளில் இப்படி வெளியேறுகிறது என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். பிரான்சு தேசத்து நேவியே 1822லும், இங்கிலாந்தில் ஸ்டோக்ஸ் 1845லும் வகுத்த சமன்பாடுகள், ஓடும் திரவம் எதுவானாலும் அது எப்படி ஓடும் என்பதைச் சொல்லுகின்றன. இருதயம் ஒரு தடவை துடிக்கும் நேரத்தை ஆயிரக்கணக்கான துணுக்குகளாக்கி, ஒவ்வொரு துணுக்குக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் அந்தச் சமன்பாடுகளைக் கம்ப்யூட்டர் தீர்க்கிறது. கடைசியில் வருவதுதான் சிவப்பும் நீலமும்.

நம் கிராமத்துத் தோழர்களுக்கு இது புதிதல்ல. ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் வெளிக்கரை அரிபடும், உட்கரையில் மணல் தட்டும் என்பதும், வாய்க்கால் இரண்டாகப் பிரியும் முனையில் தண்ணீர் மோதி மண்ணைக் கரைக்கும் என்பதும் ஏர் பிடித்தவனுக்குத் தெரியும். மூளைக்குள்ளும் அதே நியாயம்தான். புடைப்புகள் பெரும்பாலும் கவைகளிலும் வளைவுகளிலுமே உண்டாவதற்கு இரத்த ஓட்டத்தின் மோதல் ஒரு காரணமென்று ஆராய்ச்சியாளர்கள் சொல்லுவது இதனால்தான்.

படத்தில் இல்லாதது எது?

இனித்தான் நாம் முக்கியமாய்க் கவனிக்கவேண்டிய சங்கதி வருகிறது. மேலே சொன்ன கணக்கில் சமன்பாடு சரி. கம்ப்யூட்டரின் கூட்டல் கழித்தலும் சரி. ஆனால் கணக்குக்குள் போடப்படும் சரக்கெல்லாம் நோயாளியின் தலையிலிருந்து வந்தவைதானா? அல்லவே!

முதலாவது, குழாய்க்குள் நுழையும் இரத்தத்தின் அளவைப் பல ஆராய்ச்சிகளில் அந்த நோயாளியிடம் அளப்பதில்லை. வேறு ஆரோக்கியமான ஆட்களிடம் அளந்த சராசரியை எடுத்துப் போட்டுக்கொள்ளுகிறார்கள்.

இரண்டாவது, குழாயின் சுவர் துடிக்கும்போது விரிந்து சுருங்குவது. பெரும்பாலான கணக்குகளில் அதை இரும்புக் குழாய்போல் அசையாததாக வைத்துக்கொள்ளுகிறார்கள். புடைப்பின் சுவர் எந்த இடத்தில் மெலிந்திருக்கிறது என்பது சாதாரணப் படங்களில் தெரிவதேயில்லை. வெடிப்பதோ அந்தச் சுவர்தான்!

மூன்றாவது, படத்தின் நுட்பம். சி.டி. படத்தில் ஒரு புள்ளியின் அளவு சுமார் அரை மில்லிமீட்டர். மூளைக் குழாய்கள் பலவற்றின் அகலமோ சில மில்லிமீட்டர்தான். குழாயின் ஓரம் எது என்று கோடு கிழிப்பவர், 3 மில்லிமீட்டர் குழாயை 2.7 மில்லிமீட்டர் என்று கிழித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுவோம். நூற்றுக்குப் பத்துத்தான் பிசகு. ஆனால் நேரான குழாயில் இரத்தம் சுவரை உரசும் பலம், ஓட்டம் ஒரே அளவாயிருந்தால், அகலம் குறையக் குறைய அதன் மும்மடிப் பெருக்கத்துக்கு எதிர்விகிதமாய் ஏறும். ஆகவே 100 என்று வரவேண்டிய உரசல் 137 என்று வந்துவிடும். 1840களில் பிரெஞ்சு வைத்தியர் பொய்சேய் கண்டறிந்த விதியைக் கொண்டு இதைப் பள்ளிக்கூடப் பையன்கூடப் போட்டுப் பார்க்கலாம். கோடு கிழித்ததில் தலைமயிர் இரண்டு மூன்றின் கனம்தான் பிசகு; விடையிலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிசகு. நீலமாய் இருக்கவேண்டிய இடம் சிவப்பாகிவிட இது போதாதா?

இதை நாம் கற்பனையாய்ச் சொல்லவில்லை. அந்த ஆராய்ச்சியாளர்களே பரீட்சை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2012ல் ஒரே ஒரு பெரிய புடைப்பின் உருவத்தையும், அதில் நுழையும் இரத்தத்தின் அளவையும் எல்லோருக்கும் ஒன்றுபோல் கொடுத்து, உலகத்தின் பல பாகங்களிலுள்ள 25 குழுவினரைக் கணக்குப் போடச் சொன்னார்கள். பெரும்பாலோருடைய விடைகள் நெருங்கியே வந்தன. அடுத்தபடியாக 2015ல் ஆரம்பித்து 2018ல் முடிவு வெளியிட்ட போட்டியில், ஐந்து புடைப்புகளின் படங்களை மட்டும் கொடுத்து, மற்றதையெல்லாம் அவரவர் வழக்கப்படி செய்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். உரசலின் அளவு குழுவுக்குக் குழு வெகுவாக வித்தியாசப்பட்டது.

இவ்விரண்டு பரீட்சைகளையும் சேர்த்துப் பார்த்தால் உண்மை பளிச்சென்று தெரியும். கணக்குப் போடுவதில் தகராறு அதிகமில்லை. எதைக் கணக்கில் போடுவது என்பதில்தான் தகராறு. அதாவது, பிசகு யந்திரத்திடம் இல்லை. யந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து முடிவு செய்யும் மனிதரிடம் இருக்கிறது. அப்படியிருக்க, "கம்ப்யூட்டர் சொல்லிற்று" என்பதற்கு அர்த்தமென்ன? கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லவில்லை. மனிதர் சிலர் சில அனுமானங்களைச் செய்துகொண்டார்கள், அவற்றின் விளைவைக் கம்ப்யூட்டர் கூட்டிக் கொடுத்தது, அவ்வளவுதான்.

சிவப்பா, நீலமா?

இன்னும் கேளுங்கள். விடை சரியாகவே வந்ததென்று வைத்துக்கொள்ளுவோம். அதிலிருந்து வெடிக்குமா வெடிக்காதா என்று எப்படி அறிவது? 2011ல் அமெரிக்காவிலேயே இரண்டு கூட்டத்தார் இரண்டு விதமாய்ச் சொன்னார்கள். பபலோ சர்வகலாசாலையார் 119 புடைப்புகளைக் கணக்குப் போட்டு, வெடித்தவைகளில் உரசல் குறைவாயிருக்கிறது என்றார்கள். வர்ஜீனியாவிலுள்ள சர்வகலாசாலையைச் சேர்ந்த செப்ரால் கூட்டத்தார் 210 புடைப்புகளைக் கணக்குப் போட்டு, வெடித்தவைகளில் உரசலின் உச்ச அளவு அதிகமாயிருக்கிறது என்றார்கள். முன்னவர் சொற்படி ஓட்டம் மந்தித்துச் சுவர் நலிகிறது. பின்னவர் சொற்படி ஓட்டம் குத்திச் சுவர் தேய்கிறது. அடுத்த வருஷமே கால்மஸ் என்னும் வைத்தியர், இந்த வித்தையின் பெயரைக் குறிக்கும் மூன்று இங்கிலீஷ் எழுத்துக்களுக்கு வேறு விரிவு கொடுத்து, இது ஓட்டத்தைக் கணிக்கும் வித்தையா அல்லது குழப்பத்தைப் பரப்பும் வித்தையா என்று பத்திரிகையில் பகிரங்கமாய்க் கேட்டார். 2014ல் மெங் என்ற அம்மையார் கூட்டத்தாருடன் சேர்ந்து, இரண்டும் உண்மையாய் இருக்கலாம். சிறிய மெல்லிய புடைப்பு ஒரு வழியாகவும், பெரிய தடித்த புடைப்பு வேறு வழியாகவும் கெட்டுப்போகலாம் என்று ஒரு கொள்கையை முன்வைத்தார். அதே 2014ல் வேறு இருவர், கட்டங்களைப் பொடியாக்கிக் கணக்குப் போட்டால், பெருவெட்டாய்ப் போடும்போது காணாத கொந்தளிப்பு சில புடைப்புகளில் காணப்படுகிறது என்று எடுத்துக் காட்டினார்கள்.

இந்த ஆராய்ச்சிகளில் மற்றொரு சங்கடமும் உண்டு. வெடித்த புடைப்பைப் பெரும்பாலும் வெடித்த பிறகுதான் படம் எடுக்க முடிகிறது. ஏரிக்கரை உடைந்த பிறகு உடைப்பை அளந்து, கரை எந்த இடத்தில் பலவீனமாயிருந்தது என்று சொல்லுவதுபோன்ற காரியம் இது. உடைந்ததினாலேயே உருவம் மாறியிருக்கக்கூடுமல்லவா? வெடிக்குமுன் கணக்குப் போட்டு வைத்து, பல வருஷம் காத்திருந்து, எது பலித்தது என்று பார்ப்பதுதான் உண்மையான பரீட்சை. ஆபத்தென்று தோன்றும் புடைப்பை வெடிக்கட்டுமென்று எந்த வைத்தியரும் விட்டுவைக்க மாட்டார். ஆதலால் இந்தப் பரீட்சை கஷ்டமானது. கஷ்டமானது என்பதால் தேவையில்லை என்று ஆகிவிடாது.

இருதய விஷயத்தைப் பாருங்கள். இருதயக் குழாய் அடைப்பை இதே மாதிரி சி.டி. படத்திலிருந்து கணக்குப் போட்டுச் சொல்லும் முறைக்கு அமெரிக்க சர்க்கார் 2014ல் அனுமதி கொடுத்தார்கள். ஏன் கொடுத்தார்கள்? கம்ப்யூட்டர் சொன்ன அழுத்தத்தை, குழாய்க்குள் கம்பியைச் செலுத்தி அளந்த அழுத்தத்தோடு பல நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், பொருந்தியது, கொடுத்தார்கள். மூளைப் புடைப்பு வெடிக்குமா என்பதற்கு அம்மாதிரி உடனே ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல் இல்லை. ஆகவே அங்கே இது இன்றைக்கும் பெரும்பாலும் ஆராய்ச்சிக் கருவியாகவே இருக்கிறது. இருதயத்துக்குக் கிடைத்த மதிப்பை மூளைக்குக் கடன் வாங்க முடியாது.

அப்படியானால் ஜோசியந்தானா?

இவ்வளவும் கேட்டுவிட்டு, "அப்படியானால் இதுவும் ஜோசியம் மாதிரிதானே? நீங்கள் ஜோசியத்தை மட்டும் ஏன் கண்டிக்கிறீர்கள்?" என்று சிலர் சந்தோஷத்துடன் கேட்க வரலாம். அவர்களுக்கும் பதில் சொல்லவேண்டியது நம் கடமை.

ஜோசியரும் கணக்குத்தான் போடுகிறார். பாகை, கலை, விகலை என்று அவருடைய கூட்டல் கழித்தலில் பிசகு இல்லாமலும் இருக்கலாம். கணக்குப் போட்டதனாலேயே ஒரு விஷயம் அறிவாகிவிடாது என்பதற்கு ஜாதகத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. வித்தியாசம் எங்கே இருக்கிறதென்றால், தன் வாக்கு தப்பானால் தப்பென்று காட்டிக்கொள்ள வழி வைத்திருக்கிறதா, இல்லையா என்பதில்தான் இருக்கிறது. 25 ஜோசியர்களை ஒரே இடத்தில் உட்காரவைத்து, ஒரே ஜாதகத்தைக் கொடுத்து, தனித்தனியே பலன் எழுதி வாங்கி, விடைகள் எவ்வளவு வித்தியாசப்படுகின்றன என்று அந்த ஜோசியர்களே அச்சிட்டு வெளியிட்டதாக யாராவது கேள்விப்பட்டதுண்டா? பலிக்காவிட்டால் நேரம் குறித்தது தப்பு, பரிகாரம் செய்தது போதாது என்று பழியை நோயாளியின் மேல் போடுவார்களே தவிர, சாஸ்திரத்தின்மேல் போடுவார்களா?

இந்த ஆராய்ச்சியாளர்களோ தங்களுக்குள் உள்ள வித்தியாசத்தைத் தாங்களே அளந்து, தாங்களே வெளியிட்டார்கள். கண்ணாடியிலும் ரப்பரிலும் மூளைக் குழாயைப்போல் உருவம் செய்து, திரவத்தை ஓடவிட்டு அளந்து, தங்கள் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எம்.ஆர்.ஐ.யில் உயிருள்ள மனிதனின் இரத்த வேகத்தையே நேராக அளந்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நாம் மேலே எழுதிய குறைகள் அத்தனையும் அவர்கள் ஒப்புக்கொண்டு எழுதியவையே. இது அந்த வித்தைக்கு அவமானமல்ல. அதுவே அதன் யோக்கியதை. குறையை மறைக்கும் வித்தை மதமாகிறது. குறையை அளக்கும் வித்தை விஞ்ஞானமாகிறது.

ஆகவே, இதைத் தூக்கி எறியவேண்டுமென்பது நம் அபிப்பிராயமல்ல. புடைப்பு ஏன் உண்டாகிறது என்று அறியவும், கம்பிவலைக் குழலை எப்படிப் பின்னினால் இரத்தம் திரும்பும் என்று மனிதன்மேல் சோதிக்குமுன் பார்த்துக்கொள்ளவும் இது பெரிதும் உபயோகப்படுகிறது. நாம் வேண்டாமென்பதெல்லாம், அனுமானத்தை மறைத்து வர்ணத்தை மட்டும் காட்டும் காரியத்தைத்தான்.

என்ன கேட்கவேண்டும்?

"நாங்கள் படிக்காதவர்கள், இதையெல்லாம் வைத்தியரிடம் எப்படிக் கேட்பது?" என்பீர்கள். மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறீர்கள். சுழி பார்ப்பதை விட்டுவிட்டுப் பல்லைப் பார்ப்பதே பகுத்தறிவு. தலைக்கு வந்த காரியத்தில் பல்லைப் பார்க்கக் கூச்சம் எதற்கு? நாளைக்கு உங்களிடமோ உங்கள் வீட்டாரிடமோ யாராவது இப்படி ஒரு வர்ணப் படத்தைக் காட்டிச் சிகிச்சை வேண்டுமென்றோ வேண்டாமென்றோ சொன்னால், மரியாதையாக இந்த ஐந்து கேள்விகளையும் கேளுங்கள்.

1. இந்தப் படத்தின் நுட்பம் எவ்வளவு? குழாயின் ஓரத்தைக் கோடு கிழித்தது யார்?

2. கணக்கில் போட்ட இரத்த ஓட்டம் என்னிடம் அளந்ததா, வேறு யாருடைய சராசரியா?

3. அனுமானத்தைச் சற்று மாற்றிப் போட்டால் சிவப்பு சிவப்பாகவே இருக்கிறதா, நீலமாகிறதா?

4. இம்மாதிரி முன்கூட்டிக் கணக்குப் போட்டு, பிறகு காத்திருந்து பார்த்தது எத்தனை பேரிடம்? பலித்தது எத்தனை?

5. புடைப்பின் அளவு, இருக்கும் இடம், என் வயது, என் இரத்த அழுத்தம் இவைகளால் தெரியாத எதை இந்தப் படம் புதிதாய்ச் சொல்லுகிறது?

கடைசிக் கேள்வி மிகவும் முக்கியமானது. 2014ல் வெளியான 'பேசஸ்' என்னும் மதிப்பெண் முறையில், நோயாளியின் நாடு, இரத்த அழுத்தம், வயது, புடைப்பின் அளவு, முன் வெடித்த சரித்திரம், இருக்கும் இடம் ஆகிய ஆறையும் கூட்டி, ஐந்து வருஷத்தில் வெடிக்கக்கூடிய வீதத்தைச் சொல்லுகிறார்கள். அதற்குக் கம்ப்யூட்டரே வேண்டியதில்லை. விரல் விட்டு எண்ணலாம். அதைவிட நன்றாய்ச் சொல்லுகிறதென்று காட்டினால்தான் வர்ணப் படத்துக்கு வேலை. அந்த முறையிலும் ஜப்பானியருக்கு ஒரு கட்டம், பின்லாந்துக்காரருக்கு ஒரு கட்டம், மற்ற ஐரோப்பியருக்கும் வட அமெரிக்கருக்கும் ஒரு கட்டம் இருக்கிறதே தவிர, நம் நாட்டாருக்கென்று ஒரு கட்டம் இல்லை. நம்மவரைக் கணக்கெடுத்துத் தொடர்ந்து கவனிக்காதவரையில், நம் தலைக்குப் பிறர் தலையை வைத்துத்தான் கணக்குப் போடவேண்டியிருக்கும். வர்ணம் தீட்டும் யந்திரம் வாங்குவதற்கு முன்னால் இந்தக் கணக்கெடுக்கும் வேலையைச் செய்வதே நம் ஆஸ்பத்திரிகளும் சர்க்காரும் செய்யத்தக்க காரியமென்று சொல்லுவோம்.

இதற்கிடையில் யந்திரமில்லாமலே நிச்சயமாய்த் தெரிந்த விஷயங்கள் சில உண்டு. பீடி, சிகரெட் பிடிப்பதும், இரத்த அழுத்தத்தைக் கவனியாமல் விடுவதும் புடைப்பு வெடிப்பதற்கு வழி செய்கின்றன. ஒரே குடும்பத்தில் நெருங்கிய இரத்தச் சொந்தம் இருவருக்கு இவ்வியாதி வந்திருந்தால் மற்றவர்கள் வைத்தியரிடம் போய் விசாரிப்பது நல்லது. இதுவரை அனுபவித்திராத கடுமையான தலைவலி இடி விழுந்ததுபோல் திடீரென்று வந்தால், விபூதி போடவும் வேப்பிலை அடிக்கவும் நேரத்தைப் போக்காமல் அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே தாமதிக்கும் ஒவ்வொரு மணிக்கும் விலை உயிர்தான்.

முடிவாக, மூளைக்குள் ஓடும் இரத்தத்தைக் கணக்குப் போடத் துணிந்தது மனித அறிவின் பெருமை என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. தலையெழுத்து என்று சொல்லி வாயை மூடிவிட்ட இடத்தில், குழாயெழுத்தைப் படிக்கலாம் வா என்று அழைக்கிறது இந்த வித்தை. அந்த எழுத்தையும் கண்ணை மூடிக்கொண்டு படிக்கக் கூடாது என்பதே நாம் சொல்லுவது. கணக்கைக் காட்டுகிறவர்கள் கணக்கின் அடியில் அனுமானத்தையும், பிசகின் அளவையும் எழுதிக் காட்டட்டும். பார்க்கிறவர்கள் அதைக் கேட்டு வாங்கட்டும். இரு பக்கத்தாரும் இதைச் செய்தால் கம்ப்யூட்டர் நமக்கு நல்ல வேலைக்காரனாக இருக்கும். செய்யாவிட்டால், பழைய சாமியை இறக்கிவிட்டுப் புதிய சாமியை ஏற்றிவைத்ததாகத்தான் முடியும்.